லெஜேர் யூரோப்பியன் கட் கிளாரினெட் ரீட்: மும்பையில் வாசித்துச் சம்பாதிக்கிறவனின் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மும்பையில் கிளாரினெட் வாசித்து வீட்டு வாடகை கட்டுகிறவர் நீங்கள் என்றால் இந்தச் செயற்கை ரீட் ஒன்று உங்கள் கேஸில் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்காக நாணல் ரீட் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த வேலைக்கு எது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் இந்தத் தொழிலில் பாதித் தலைவலி குறையும்.

வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கிளாரினெட்டின் மவுத்பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதி, ஒரு பக்கம் தட்டையாகத் திறந்திருக்கும். அந்தத் திறப்பின் மேல் ஒரு மெல்லிய தகட்டை வைத்து லிகேச்சர் என்ற வளையத்தால் இறுக்குவோம், அதுதான் ரீட். நாகசுரத்துச் சீவாளிக்கு இரண்டு நாக்கு, இதற்கு ஒன்று. நுனி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு மெலிந்திருக்கும், ஊதினால் அதிர்வது அந்த இடம்தான். வாத்தியம் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்ததாக இருக்கலாம், சில லட்சம் விலை இருக்கலாம், வாசிக்கிறவர் முப்பது வருஷம் சாதகம் செய்தவராக இருக்கலாம். அந்த நுனி அன்றைக்கு மக்கர் பண்ணினால் எல்லாம் வீண். நாகசுரக்காரர்கள் வாத்தியத்தின் மேலேயே நாலைந்து சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு மேடை ஏறுவதும் இதே பயத்தில்தான்.

வழக்கமான ரீட் ஒரு வகை நாணலில் செய்வது. தெற்குப் பிரான்ஸில் வார் என்ற பகுதியில் விளையும் நாணல்தான் இதற்குப் பேர்போனது. பாரிஸ் ஓபராவில் கிளாரினெட் வாசித்த யூஜீன் வான் டோரன் 1905இல் ரீட் செய்ய ஆரம்பித்ததுதான் இன்று உலகம் முழுக்க விற்கும் வாண்டோரன். லெஜேர் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான்: கனடாவில் கிளாரினெட் வாசிக்கும் வேதியியலாளர் கி லெஜேரும் பொருள் அறிவியல் படித்த மார்க் கோர்ட்ஷாட்டும் சேர்ந்து 1998இல் தொடங்கிய நிறுவனம். அவர்கள் எடுத்துக்கொண்டது பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதன் இழைகள் ஒரே திசையில் ஓடும்படி இழுத்து, நாணலின் நார் எப்படி நீளவாக்கில் விறைப்பாகவும் குறுக்கில் இளக்கமாகவும் இருக்குமோ அதற்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அரைகுறையாக ஒளி ஊடுருவும் வெள்ளைத் தகடு, வேறொன்றும் விசேஷமாகத் தெரியாது. நான் எழுதுவது அதில் யூரோப்பியன் கட் என்ற மாடலைப் பற்றி மட்டும்.

இப்போது மும்பை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரின் காற்றில் இருக்கும் ஈரம் எல்லோருக்கும் தெரியும், அலமாரியில் இருக்கும் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும். நாணல் ரீட் அந்த ஈரத்தைக் குடித்து ஊதிப்போகும். அப்புறம் ஏசி போட்ட அரங்குக்குள் போனதும் அதே ரீட் அரை மணி நேரத்தில் காய்ந்து, நுனி அலை அலையாக வளைந்து, மவுத்பீஸோடு ஒட்டாமல் காற்றுக் கசியும். வாயில் வைத்து நனைக்கிறோம், கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் தேய்த்துத் தட்டையாக்குகிறோம், உப்புத்தாள் வைத்து அடியைச் சமன் செய்கிறோம், ஒரு ஓரம் கனமாக இருந்தால் கத்தியால் சுரண்டுகிறோம். பத்து ரீட் உள்ள பெட்டி வாங்கினால் கச்சேரிக்குத் தேறுவது இரண்டோ மூன்றோ, மிச்சம் சாதகத்துக்கு, ஒன்றிரண்டு குப்பைக்கு. எந்த ஊர் கிளாரினெட்காரரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார். தேறிய ரீடும் தினமும் வாசித்தால் சில வாரங்களில் செத்துவிடும்.

லெஜேரில் இந்த வேலை எதுவும் இல்லை. நனைக்க வேண்டாம். எடு, மாட்டு, ஊது. வளையாது, ஊதிப்போகாது, முந்தாநாள் எப்படி இருந்ததோ இன்றைக்கும் அப்படியே இருக்கும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் எங்கள் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இதன் அருமை புரியும்.

இந்த நகரத்தில் கிளாரினெட் மட்டும் வாசித்து வாழ்கிறவர்களுக்கு ஒரே முதலாளி கிடையாது. இந்தி சினிமா ஸ்டுடியோக்களில் பெரிய ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்து நேரடியாக வாசித்த காலத்தில் கோவாக்காரர்கள் பலர் இந்த வாத்தியத்தை வைத்தே குடும்பம் நடத்தினார்கள். கீபோர்டும் சாம்பிளரும் வந்த பிறகு அந்த வேலை சுருங்கிவிட்டது. நரிமன் பாயின்ட்டில் என்சிபிஏ என்ற கலை மையத்தில் 2006இல் ஆரம்பித்த சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது, நாட்டின் ஒரே தொழில்முறை சிம்பனி ஆர்கெஸ்ட்ரா அதுதான், ஆனால் சீசனுக்கு வந்து வாசிக்கிறவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டவர்கள். ஆகவே மற்ற நாட்களில் என்ன செய்வோம்? காலையில் பள்ளிக்கூடத்தில் வகுப்பு, சாயங்காலம் செம்பூரில் இரண்டு வீட்டில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை சர்ச், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரே நாளில் மூன்று இடம், முகூர்த்த நாள் என்றால் தாராவியிலோ மாட்டுங்காவிலோ கல்யாணம், நடுவில் யாராவது கூப்பிட்டால் ரெக்கார்டிங். ஒரே நாளில் ஏசி அறை, வெயில், மழையில் நனைந்த லோக்கல் ரயில், மறுபடி ஏசி. இப்படி ஓடுகிறவனுக்கு ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷம் முன்னால் போய் ரீட் தேர்வு செய்ய நேரம் ஏது? கேஸைத் திறந்த உடனே வாசித்தாக வேண்டும். அந்த இடத்தில் லெஜேர் கைகொடுக்கிறது, முழு மனதோடு சொல்கிறேன்.

ஆர்கெஸ்ட்ராவில் இதன் பயன் இன்னும் தெளிவாகத் தெரிகிற இடம் ஒன்று உண்டு. கிளாரினெட்காரர் பக்கத்தில் இரண்டு வாத்தியம் இருக்கும், பி ஃபிளாட் ஒன்று, ஏ ஒன்று. பாட்டின் சுருதிக்குத் தகுந்தபடி நடுவில் மாற்றுவோம், பல பேர் ஒரே மவுத்பீஸைத்தான் ரீடோடு கழற்றி அடுத்ததில் மாட்டுவார்கள். அப்புறம் ஓய்வு. அறுபது பார், எண்பது பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) என்று எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம், தலைக்கு மேல் ஏசி அடித்துக்கொண்டிருக்கும், ரீட் காயும். எண்ணி முடித்ததும் திடீரென்று தனியாக, அரங்கமே கேட்கும்படி, சன்னமாக நுழைய வேண்டும். ராக்மானினோவின் இரண்டாவது சிம்பனியில் மூன்றாவது பகுதி அப்படிப்பட்டது. வயலின்கள் சில பார் பாடிவிட்டு விலகும், பிறகு நீண்ட தனி வாசிப்பு கிளாரினெட்டுக்கு, மூச்சு எங்கே எடுக்கிறோம் என்றுகூட வெளியே தெரியக்கூடாது. உலகில் எந்த ஆர்கெஸ்ட்ராவின் தேர்விலும் இந்தப் பக்கம் கேட்கப்படலாம். நான் வாசிக்கும் சமுதாய ஆர்கெஸ்ட்ராவில் இதை எடுத்தபோது ஒத்திகை முழுக்க லெஜேரில்தான் வாசித்தேன். ஓய்வு முடிந்து முதல் ஸ்வரம் எடுக்கும்போது கீச்சிடுமோ என்ற அந்த அடிவயிற்றுப் பயம் இல்லவே இல்லை. நாக்கை வைத்து எடுத்தவுடன் ஒலி வந்தது.

சரி, இனி டோன், அதாவது ஒலியின் நிறமும் குணமும். இங்கேதான் நான் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் கிளாரினெட்காரரின் பெயர் நிற்பதும் விழுவதும் டோனில்தான். இந்த வாத்தியத்துக்காக எழுதப்பட்ட பெரிய படைப்புகளில் பல ஏதோ ஒரு வாசிப்பாளரின் ஒலியைக் கேட்டு மயங்கி எழுதப்பட்டவை. மோட்சார்ட்டுக்கு அன்டன் ஸ்டாட்லர் இருந்தார், 1789இல் குவின்டெட்டும் (ஐந்து பேர் வாசிப்பது) 1791இல் கான்செர்டோவும் (ஆர்கெஸ்ட்ராவோடு ஒருவர் தனியாக வாசிப்பது) அவருக்காகத்தான். வெபருக்கு ஹைன்ரிக் பேர்மன், அதனால்தான் 1811 என்ற ஒரே வருஷத்தில் இரண்டு கான்செர்டோ கிடைத்தது. பிராம்ஸ் இனி எழுதப் போவதில்லை என்று ஒதுங்கியிருந்தார், 1891இல் மைனிங்கன் ஆர்கெஸ்ட்ராவில் ரிச்சர்ட் மூல்ஃபெல்ட் வாசித்ததைக் கேட்ட பிறகு அதே வருஷம் ஒரு ட்ரியோ, ஒரு குவின்டெட், மூன்று வருஷம் கழித்து இரண்டு சொனாட்டா. இத்தனைக்கும் மூல்ஃபெல்ட் அந்த ஆர்கெஸ்ட்ராவில் முதலில் வயலின் வாசித்தவர், கிளாரினெட்டைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். ஒரு மனிதனின் டோன் ஒரு மேதையின் ஓய்வைக் கலைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

டோன் ஒருவரின் வேலையையும் பறிக்கும். 1980களின் தொடக்கத்தில் பெர்லின் பில்ஹார்மோனிக்கில் கிளாரினெட்காரர் சபீன் மேயரை அதன் தலைமை நடத்துநர் கராயன் சேர்க்க நினைத்தார், மேயரின் ஒலி தங்கள் குழுவோடு கலக்கவில்லை என்று வாத்தியக்காரர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். பெண் என்பதால்தான் எதிர்த்தார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது, எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் சொன்ன காரணம் என்னவோ டோன்தான். அவர் அங்கிருந்து விலகித் தனி வாசிப்பாளராக உலகம் சுற்றினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ரீடை மாற்றுவது செருப்பு மாற்றுகிற மாதிரி இல்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் ஒலியோடு உங்கள் ஒலி சேர்கிறதா இல்லையா என்பது இந்தத் தகட்டையும் பொறுத்தது.

லெஜேரை மவுத்பீஸில் மாட்டி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். கீழ் ஸ்தாயியில் நன்றாக இருக்கிறது, அகலமாக, கொஞ்சம் இருண்டு, சுலபமாக வருகிறது. கிளாரினெட்டில் மேல் ஸ்தாயிக்குப் போகும் விதம் புல்லாங்குழல் மாதிரி இல்லை; குழலில் பலமாக ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரும், இதில் ரெஜிஸ்டர் விசையை அழுத்தினால் பன்னிரண்டாவது ஸ்வரத்துக்குத் தாவும். அதனால் நடுவில் ஒரு கண்டம் இருக்கிறது. எல்லா விரலையும் எடுத்து வாசிக்கும் ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போக எல்லாத் துளையையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கீச்சிடுவது இங்கேதான். லெஜேரில் இந்தத் தாண்டல் வழவழவென்று போகிறது, நாணலைவிடச் சுலபம் என்றே சொல்வேன். அதற்கு மேலே, பளிச்சென்று பாடும் ஸ்தாயியில், ஒலி நேராகவும் சுத்தமாகவும் இருக்கிறது. வேகமாக நாக்கடித்து வாசிக்கும் இடங்களில் நுனி உடனே பதில் சொல்கிறது.

குறை எங்கே என்றால், மிகமிகச் சன்னமாக வாசிக்கும்போது. மோட்சார்ட் கான்செர்டோவின் மெதுவான பகுதியில் கிளாரினெட் முதல் பாரிலேயே தந்திகளோடு தொடங்கிவிடும், முன்னுரை எதுவும் கிடையாது. கடைசியில் அதே மெட்டு திரும்பும்போது இன்னும் தாழ்த்தி வாசிப்பது வழக்கம். அந்த இடத்தில் நாணல் ரீட் ஒலிக்குள் ஒரு சின்னக் காற்றும் மரமுமாக ஏதோ ஒன்றைக் கலக்கும், ஸ்வரம் மெலிந்தாலும் உள்ளே சத்து இருக்கும். லெஜேரில் ஸ்வரம் மெலிகிறது, ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருக்கிறது. நாணலில் நான் உதட்டை மயிரிழை தளர்த்தினால் நிறம் மாறும், இதில் அவ்வளவு மாறுவதில்லை. ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது என்று சிலர் சொல்கிறார்கள். தெரியாமலே போகட்டும், வாசிக்கிற எனக்குத் தெரிகிறது, என் காதுக்குள் அந்த நிறங்கள் இல்லாதபோது நான் வேறு மாதிரி வாசிக்கிறேன், அது எல்லா வரிசைக்கும் கேட்கும்.

கர்நாடக சங்கீதத்துக்கு எப்படி என்று கேட்பீர்கள், பல பேர் காத்திருப்பதே இதற்குத்தான். என் அப்பா தாராவியில் கல்யாண செட்டில் கிளாரினெட் வாசித்தவர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கிளாரினெட்டில் விசையும் துளையும் அமைந்த விதத்தைச் சிஸ்டம் என்போம்; அவர் வைத்திருப்பது பழைய ஆல்பர்ட் சிஸ்டம் வாத்தியம், நான் மேற்கத்திய இசைக்கு வாசிக்கும் போயம் சிஸ்டம் இல்லை. ஆல்பர்ட்டில் விசைகள் குறைவு, துளையின் மேல் விரல் நேரடியாக உட்காரும், நம் ஆட்கள் வேண்டாத விசைகளையும் கழற்றிவிடுவார்கள், அப்போதுதான் விரலை நகர்த்தி நகர்த்தி அரைத்துளையில் கமகம் பிடிக்க முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியில் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வெள்ளைக்காரர் வாத்தியத்தை இப்படித்தான் நம்முடையதாக்கினார்கள். அதை மேடையின் நடுவில் உட்கார வைத்தவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். 1931இல் பிறந்தவர், அப்பாவும் கிளாரினெட்காரர், வாய்ப்பாட்டு ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம், நாகசுரம் இலுப்பூர் நடேச பிள்ளையிடம். 2008இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ. கிளாரினெட்டை நாகசுரத்தின் அண்ணன் தம்பியாக வாசிக்க முடியும் என்று காட்டிய அந்தத் தொழில்வாழ்க்கைக்கு முன்னால் எங்களைப் போன்றவர்கள் விழுந்து கும்பிட வேண்டும்.

அப்பாவிடம் லெஜேரைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“என்னல இது, பிளாஸ்டிக்கா?”

“ஆமாப்பா. நனைக்க வேண்டாம், அப்படியே ஊதுங்க.”

“நனைக்காம எப்படில ஊத?” என்றார், பழக்கத்தில் வாயில் வைத்து நனைத்துவிட்டுத்தான் மாட்டினார். நேராகத் தோடிக்குப் போனார். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும், அரைத்துளையில் விரல் அசைய ரீடும் கூடவே இளகிக் கொடுக்க வேண்டும். ரீடின் விறைப்பைக் கனம் என்போம், அதை நம்பரில் சொல்வார்கள். என்னிடம் இருந்தது எனக்கான கனம், அவருக்கு அது விறைப்பு, ஸ்வரம் நகர மறுத்தது. பிறகு கால் நம்பர், கால் நம்பராக இறக்கி வேறொன்று வரவழைத்துக் கொடுத்தேன். (லெஜேரில் கனம் கால் கால் நம்பராகக் கிடைக்கிறது, நாணலில் பெரும்பாலும் அரை அரையாகத்தான். இது பெரிய வசதி.) இப்போது காந்தாரம் ஆடியது, ஜாருகள் எங்கேயும் தட்டாமல் சறுக்கின. கெர்ஷ்வினின் ராப்சொடி இன் ப்ளூ ஆரம்பத்தில் கிளாரினெட் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு போகுமே, 1924இல் ராஸ் கோர்மன் ஒத்திகையில் விளையாட்டாக வாசித்து நிலைத்துப்போன அந்த இழுப்பு, அதையும் இந்த இளகிய கனத்தில் நான் வாசித்துப் பார்த்தேன், அருமையாக வருகிறது. ஆனால் அப்பாவின் தீர்ப்பு வேறு: “சுத்தமா இருக்குல. கார்வைதான் பத்தல.” கீழ் பஞ்சமத்தில் நின்று மூச்சைத் தாங்கும்போது அவருடைய பழைய ரீடில் ஒலி தடித்துக்கொண்டே போகும், இதில் எடுத்த அளவிலேயே நிற்கிறது. நான் சன்னமான இடத்தில் கேட்ட குறையும் அவர் கார்வையில் கேட்ட குறையும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இருந்தும் கல்யாணத்துக்கு இதைத்தான் எடுத்துப்போகிறார், தவில் பக்கத்தில் வாசிக்கும்போது ரீட் விழித்திருப்பதுதான் முக்கியம் என்கிறார்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பாலிப்ரோப்பிலீன் சூட்டில் இளகும் பொருள். குளிர்ந்த அறையில் விறைப்பாகத் தோன்றும் ரீட், வாயில் வைத்து ஐந்து நிமிஷம் வாசித்ததும் கொஞ்சம் இளகும், மே மாதப் பந்தலில் இன்னும் இளகும். அதனால் வெளியில் வாசிக்கப் போகிறவர்கள் கால் நம்பர் கனமான ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. தொடர்ந்து மணிக்கணக்கில் ஒரே ரீடை வாசித்தால் நுனியின் விறைப்பு தளரும், ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் மீளும். ஆகவே இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வாசியுங்கள். கழற்றும்போது தண்ணீரில் அலசி மெல்லிய துணியால் துடைத்தால் போதும். நுனியைப் பல்லிலோ மவுத்பீஸ் மூடியிலோ இடித்துவிட்டால் கதை முடிந்தது, அந்த விஷயத்தில் நாணலுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. இன்னொன்று, நாணலைக் கத்தியால் சுரண்டி நம் இஷ்டத்துக்குக் கொண்டுவருவோம், இதில் அந்தக் கைவேலைக்குப் பெரிதாக இடமில்லை. கனம் சரியாக அமையவில்லை என்றால் அடுத்த கனம்தான் வாங்க வேண்டும். முடிந்தால் நண்பர்களிடம் இருக்கும் இரண்டு மூன்று கனங்களை ஊதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எனக்கு வாண்டோரனில் சரியாக இருக்கும் நம்பரைவிடக் கால் நம்பர் குறைவாக எடுத்தால்தான் லெஜேரில் சரியாக வருகிறது, பெரும்பாலானவர்களுக்குக் கால் முதல் அரை வரை வித்தியாசம் இருக்கும்.

விலை. ஒரு லெஜேர் ரீடின் விலை ஏறக்குறைய பத்து ரீட் உள்ள நல்ல நாணல் பெட்டி ஒன்றின் விலை. முதல்முறை கேட்கும்போது யாருக்கும் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் தேறுவது இரண்டு மூன்றுதான், அவையும் வாரக்கணக்கில்தான் வரும் என்பதை வைத்துப் பார்த்தால், மாதக்கணக்கில் ஓடும் ஒரு ரீட் நஷ்டமில்லை. தினம் பல மணி நேரம் வாசிக்கிறவருக்கு லாபமே. வாரத்துக்கு ஒருமுறை பொழுதுபோக்காக எடுக்கிறவருக்கும் லாபம்தான், காரணம் வேறு: கேஸில் கிடந்து வளைந்துபோன ரீடோடு மல்லுக்கட்டி அந்த ஒரு மணி நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.

வாங்கும்போது கவனம். இணையத்தில் விலை குறைவாகப் போட்டிருந்த ஒரு விற்பனையாளரிடம் ஒருமுறை நாணல் பெட்டி வாங்கினேன், மேலே பெரிய கம்பெனியின் பெயர், உள்ளே இருந்தது எதுவோ. வெட்டும் சரியில்லை, கனமும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அதற்கப்புறம் ரீட், மவுத்பீஸ் இரண்டையும் தெரிந்த வாத்தியக் கடையில் சொல்லி வைத்துத்தான் வாங்குகிறேன். தோபி தலாவில் இருக்கும், 1865இல் தொடங்கிய ஃபுர்டாடோஸ் போன்ற கடைகளில் மாடலையும் கனத்தையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ‘கிளாரினெட் ரீட்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பி ஃபிளாட் கிளாரினெட், யூரோப்பியன் கட், இந்த நம்பர் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். லெஜேரிலேயே வேறு வெட்டுகள் இருக்கின்றன, ஜெர்மன் வாத்தியங்களுக்குத் தனி வெட்டு இருக்கிறது, அதை நம் மவுத்பீஸில் மாட்டினால் பொருந்தாது.

பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா என்று டியூஷனுக்கு வரும் பெற்றோர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் வருஷத்தில் தரலாம் என்பேன், தயங்காமல். பத்து வயதுப் பிள்ளைக்கு ரீட் கெட்டுப்போனதா தன் வாய் சரியில்லையா என்று தெரியாது, கீச்சிட்டால் தன் மேல்தான் பழி போட்டுக்கொள்ளும், அழுதுவிட்டு வாத்தியத்தை மூடி வைத்துவிடும். மாறாத ஒரு ரீட் கையில் இருந்தால் தப்பு எங்கே என்று எனக்கும் சொல்ல முடிகிறது. ஆனால் மோட்சார்ட், வெபர் என்று தொடங்கும் கட்டத்தில், வெளிநாட்டுக் கல்லூரித் தேர்வுக்கு வீடியோ அனுப்பப் போகும் மாணவர்களிடம் நான் நாணலையும் எடுக்கச் சொல்கிறேன், ரீடைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க, கண்ணாடியில் தேய்க்க, சுரண்ட, உதட்டால் நிறம் மாற்றக் கற்றுக்கொள்ள. அந்தக் காது வந்த பிறகு அவர்கள் எதில் வாசித்தாலும் எனக்குக் கவலை இல்லை. தொழிலாக எடுக்கப் போகிறவர்கள் அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், பெற்றோர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

என் கேஸில் இப்போது இரண்டு லெஜேர், ஈரப்பதம் காக்கும் பையில் நாலு நாணல். பள்ளிக்கூடம், சர்ச், கல்யாணம், ஒத்திகை, ரெக்கார்டிங்குக்கு முதல் டேக், எல்லாம் லெஜேர். குவின்டெட் மாதிரி நாலு தந்தி வாத்தியங்களோடு சின்ன அறையில் வாசிக்கும்போது நாணல். அப்பா இன்னொரு கால் நம்பர் இறக்கிக் கேட்டிருக்கிறார், கார்வை அதில் தேறுகிறதா பார்க்கலாம் என்று. கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், ஆவணி முகூர்த்தங்களில் அவர் வாசித்து முடித்ததும் கர்நாடக சங்கீதத்துக்கு எந்தக் கனம் சரி என்று இதே இடத்தில் சேர்த்து எழுதுகிறேன். ஆல்பர்ட் வாத்தியத்தில் யாராவது இதை ஏற்கெனவே வாசித்திருந்தால் உங்கள் மவுத்பீஸ் என்ன, நம்பர் என்ன என்று கீழே சொல்லுங்கள், அவருக்கு உதவியாக இருக்கும்.